பாய் கடை மாடி அறையும் பாங்காக் பீட்சாவும்

பீட்சா என்ற பேச்சை யாராவது எடுத்தால் எனக்கு எரிச்சலாக வரும். எங்கள் ராஜபாளையத்திலேயே இப்போது நாலைந்து கடைகளில் பீட்சா போடுகிறார்கள். பெண்கள் கூட்டமாகப் போய் உட்கார்ந்து, பிய்த்து, நூல் நூலாக இழுத்து, சிரித்துக்கொண்டே தின்கிறார்கள். தின்னட்டும். நான் அந்தப் பக்கம் தலையைத் திருப்பாமல் போய்விடுவேன். "உனக்கு ஏம்மா பீட்சா பிடிக்காது?" என்று என் மகள் கேட்பாள். பிடிக்காது என்று எவள் சொன்னாள்? அந்த ஊரில் பாதிப் பேர் அந்த வார்த்தையையே கேள்விப்படாத காலத்தில், தட்டுத் தட்டாகச் சுட்டு பேக்கரிக்கு அனுப்பியவள் நான். அதுவும் வெறும் பீட்சா இல்லை, பாங்காக் ருசியில் செய்த பீட்சா. இதைச் சொன்னால் கதை விடுகிறேன் என்பார்கள். அதனால் சொல்வதில்லை.

நான் பிறந்தது ராஜபாளையம். அப்பாவுக்குப் பஞ்சு மில்லில் வேலை. வாழ்க்கைப்பட்டது ஸ்ரீவில்லிபுத்தூரில். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடுவதற்குள் இறங்கச் சொல்லிவிடுவார்கள், அவ்வளவு பக்கம். கூப்பிடு தூரத்தில் கட்டிக்கொடுக்கிறோம் என்று எங்கள் வீட்டில் ஒரே சந்தோஷம். கட்டிக்கொண்டவரோ என்னைப் பாங்காக்குக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே நம் ஆட்கள் நடத்திய துணிக்கடை ஒன்றில் அவருக்குக் கணக்கு வேலை. எண்பதுகளின் நடுவில் போனோம். கடைக்கு மேலே ஒரே ஒரு அறை. அதிலேயே கட்டில், அதிலேயே அடுப்பு, அதிலேயே என் மகள் பிறந்து தவழ்ந்தது. ஆனால் அந்த அடுப்பு என்னுடையது. எப்போது பற்றவைப்பது, எப்போது அணைப்பது என்று எவரையும் கேட்க வேண்டியதில்லை.

எங்கள் தெருமுனையில் ஒரு பெண் தள்ளுவண்டியில் சமைப்பாள். கோழிக்கறியைப் பொடியாகக் கொத்தி, பூண்டும் பச்சைமிளகாயும் போட்டு, தீ எழும்ப எழும்ப வதக்குவாள். இறக்கும்போது ஒரு கை நிறையப் பச்சிலையை அள்ளிப் போட்டுப் புரட்டுவாள். முதல்நாள் அந்த வாசனை வந்ததும் நான் திடுக்கிட்டுப் போனேன். துளசி! கோயிலில் தீர்த்தத்தோடு கொடுப்பார்களே, அதே துளசி. அதைக் கறியில் போட்டு வதக்குகிறாள். "என்னங்க இது, கொடுமையா இருக்கு?" என்றேன். என் வீட்டுக்காரர் சிரித்தார். "இங்க இது கீரை மாதிரி. சாமியெல்லாம் நம்ம ஊரோட சரி. நீ தின்னு பாரு" என்று சொல்லி, தன் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்து எனக்கு ஊட்டினார். நான் அதிலேயே விழுந்துவிட்டேன். அவரைச் சொல்லவே வேண்டாம். கடையில் சாப்பாடு இருந்தாலும் மத்தியானம் அந்த வண்டியில்தான் போய் நிற்பார். இதை யாரும் மறந்துவிட வேண்டாம். முதலில் ஊட்டியது அவர்தான்.

பீட்சாவும் எனக்கு அங்கேதான் அறிமுகம். முதலாளி வீட்டுப் பிள்ளையின் பிறந்தநாளுக்கு வாங்கி வைத்திருந்தார்கள். வெறும் தக்காளியும் சீஸும். சப்பென்று இருந்தது. இதன் தலையில் அந்த வண்டிக்காரியின் கறியை வைத்தால் எப்படி இருக்கும் என்று எனக்கு அப்போதே தோன்றிவிட்டது. உள்ளங்கை அகலத்துக்கு ரொட்டி தட்டி, மேலே வேர்க்கடலையும் தேங்காய்ப்பாலும் சேர்த்த சாந்து பூசி, கறியும் துளசியும் தூவிச் சுட்டேன். அந்த ஊர்க்காரப் பெண்களே வந்து கேட்டு வாங்கித் தின்றார்கள்.

பிறகு முதலாளிகளுக்குள் சண்டை வந்து கடையை மூடிவிட்டார்கள். தொண்ணூறுகள் தொடங்கிய சமயம் ஊர் திரும்பினோம். வேறு போக்கிடம் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீட்டுக்காரரின் அண்ணன் பாத்திரக்கடை வைத்திருந்தார். தம்பியைக் கடையில் நிறுத்திக்கொண்டார். எங்களுக்கு வீட்டின் பின்கட்டில், ஆட்டுரலுக்குப் பக்கத்தில் ஓர் அறை. மாமியார், மூத்தவர், அவர் மனைவி, அவர்கள் பிள்ளைகள், நாங்கள் என்று ஒரே உலை. என் ஓரகத்திக்கு அப்போதே முட்டிவலி. நான் வந்து இறங்கிய மறுநாளே கரண்டி என் கைக்கு வந்துவிட்டது. சமைப்பது நான், பரிமாறுவது மாமியார். அது அந்த வீட்டு வழக்கம். மகன்களுக்கு அம்மாதான் இலையில் போட வேண்டும். மருமகள்கள் அடுப்படியை விட்டு வெளியே வரக் கூடாது. என்ன குழம்பு என்று முடிவு செய்வதும் மாமியார். எண்ணெய் எவ்வளவு, மிளகாய் எவ்வளவு, எல்லாம் அவர். அடுப்பில் வேகிறவள் மட்டும் நான்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. தனி அடுப்பு. நகை கேட்கவில்லை, நட்டு கேட்கவில்லை. ஒரு குச்சு வீடாக இருந்தாலும் போதும், என் அடுப்பை நான் பற்றவைக்க வேண்டும். என் வீட்டுக்காரரிடம் சொன்னால், "பாப்போம், பாப்போம்" என்பார். என்னத்தைப் பார்த்தார்!

பாங்காக்கிலிருந்து வந்தபோது வட்டமான ஒரு கரண்ட் அடுப்பு கொண்டுவந்திருந்தேன். மூடியில் கண்ணாடி வைத்தது, உள்ளே வேகிறது தெரியும். அது எங்கள் அறையில் சும்மா கிடந்தது. ஒருநாள் பிள்ளைகள் கேட்கிறார்களே என்று அந்தக் குட்டி பீட்சாவைச் செய்ய உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, ஸ்ரீவில்லிபுத்தூரில் பாங்காக்கைச் சமைப்பது எவ்வளவு பெரிய பாடு என்று. மாவு பொங்க ஈஸ்ட் வேண்டும். எந்தக் கடையில் கேட்டாலும் சோடா உப்பைத்தான் எடுத்து நீட்டினார்கள். சீஸ் மதுரையிலிருந்து டின்னில் வர வேண்டும். அங்கே ஒருவித இஞ்சி போடுவார்கள். அதே வாசனை எங்கே கிடைத்தது தெரியுமா? நாட்டு மருந்துக் கடையில். இருமலுக்குக் கஷாயம் வைக்கிற சித்தரத்தை! அதை ஊறவைத்துத் தட்டிப் போட்டேன். அவர்கள் ஊர் எலுமிச்சை இலைக்கு வத்திராயிருப்பிலிருந்து வருகிற நாரத்தை இலை. சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி. பாலுக்கு இந்த ஊரில் பஞ்சமே இல்லை. திரித்து, துணியில் கட்டி, அம்மிக்கல்லைத் தூக்கி மேலே வைத்துவிடுவேன். டின் சீஸைக் கொஞ்சமாகத் துருவி அதோடு கலந்தால் போதும், நன்றாக உருகி வரும்.

சாயங்காலம் ஆனால் கரண்ட் அழும். அடுப்பைப் போட்டால் கூடத்து டியூப்லைட் படபடவென்று அடித்துக்கொள்ளும். "ஏலே, உன் பொண்டாட்டி ஏரோப்ளேன் ஓட்டுதாளா?" என்று மூத்தவர் கூடத்திலிருந்து சத்தம் போடுவார். அதனால் மத்தியானத்தில் சுடுவேன். கரண்ட் போய்விட்டால் தோசைக்கல்லில் வைத்து, மேலே தாம்பாளம் கவிழ்த்து, தணலை அள்ளிக் கொட்டுவேன். அப்படியும் வேகும்.

எல்லாம் கூடி வந்தும் ஒன்று குறைந்தது. புதினா போட்டுப் பார்த்தேன், மல்லி போட்டுப் பார்த்தேன். அது வேறு என்னவோ பலகாரமாக இருந்தது. அந்தத் துளசி வாசனை இல்லாமல் பாங்காக் வரவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் துளசி என்றால் என்ன என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. துளசித் தோட்டத்தில்தான் எங்கள் ஊர்த் தாயாரே கிடைத்தாள். எங்கள் வீட்டுப் பின்முற்றத்திலும் மாடம் உண்டு. மாமியார் குளித்த ஈரத்தோடு வந்து தண்ணீர் ஊற்றிச் சுற்றிவருவார். அதில் நான் கை வைக்கவில்லை. என்னை எங்கே நிறுத்திக் கேட்டாலும் சொல்வேன், மாடத்து இலை ஒன்றைக்கூட நான் தொட்டதில்லை. சந்தையில் ஒரு நாற்று வாங்கி, குளியலறைக்குப் பின்னால், ஓட்டை எண்ணெய் டின்னில் மண் போட்டு வளர்த்தேன். மாடத்தில் வைத்துக் கும்பிட்டால் தாயார், டின்னில் வளர்ந்தால் கீரை. என் கணக்கு அவ்வளவுதான். அந்தக் கணக்கு இந்த ஊரில் செல்லாது என்று எனக்கு உறைக்காமல் போனதுதான் வினை. சில வருஷம் அந்நிய மண்ணில் இருந்தால் புத்தி இப்படித்தான் ஆகும்போல.

துளசி போட்டுச் சுட்ட முதல் தட்டு வீட்டில் நிமிஷமாகக் காலியானது. பிள்ளைகள் சண்டை போட்டுத் தின்றார்கள். "இது என்ன பச்சையா?" என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும் ஒரு கடி கடித்ததும் என்னைப் பார்த்தார். வாசனை தெரிந்துவிட்டது. ஒன்றும் பேசாமல் இன்னொன்று எடுத்துக்கொண்டார்.

ஈஸ்ட் கடைசியில் ராஜபாளையத்தில்தான் கிடைத்தது. அம்மாவைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அந்த ஊர் பேக்கரி ஒன்றில் கேட்டு, காகிதத்தில் மடித்து வாங்கிவருவேன். கடைக்காரர் ஒரு பாய். நல்ல மனுஷர். "வீட்டுல அப்படி என்னம்மா சுடுதீய?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒருநாள் டிபன் பாக்ஸில் நாலைந்து எடுத்துப்போய்க் கொடுத்தேன். அடுப்படி மாஸ்டரைக் கூப்பிட்டுப் பாதியை நீட்டினார். இரண்டு பேரும் மென்றுகொண்டே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தங்கச்சி, பப்ஸும் தேங்கா பன்னும் தின்னு இந்த ஊருக்காரவுகளுக்கு நாக்குச் செத்துப்போச்சு. சாயந்தரம் ஒரு தட்டு அனுப்பி வையிங்க. கண்ணாடிப் பெட்டில வச்சுப் பாப்போம்" என்றார்.

சனிக்கிழமை தவிர மற்ற நாளெல்லாம் தட்டு போயிற்று. சனிக்கிழமை எங்கள் வீட்டில் கறி ஏறாது. மத்தியானம் பாத்திரக்கடையை அடைத்திருக்கும் நேரத்தில் என் வீட்டுக்காரர்தான் தட்டைத் துணியில் கட்டி பஸ்ஸில் கொண்டுபோவார். 'பாங்காக் பீட்சா' என்று பாய் சாக்பீஸால் சிலேட்டில் எழுதி வெளியே வைத்தார். மில் ஆபீஸர்கள், காலேஜ் பிள்ளைகள், டியூஷன் முடித்து வருகிற வாத்தியார்கள் என்று கூட்டம். விளக்கு வைப்பதற்குள் தட்டு காலி.

அப்போதுதான் பாய் அந்த வார்த்தையைச் சொன்னார். "எம்புட்டு நாளைக்குத்தான் பஸ்ஸுல தூக்கிட்டு அலைவீய? கடைக்கு மேல ஒரு ரூம் சும்மாக் கெடக்கு. பக்கத்துலயே அடுப்படியும் உண்டு. குடும்பத்தோட வந்துருங்க. இங்கயே சுடுங்க, சுடச்சுட விப்போம். பள்ளிக்கூடமும் பக்கத்துலதான், பாப்பா நடந்தே போயிரும்."

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மாடிக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். நீளமான அறை, தெருவைப் பார்த்து ஒரு ஜன்னல். ஓரத்தில் சிமெண்ட் மேடை போட்ட சின்ன அடுப்படி. மாவு மூட்டை அடுக்கியிருந்ததால் எங்கும் வெள்ளைப் புழுதி, எலிப் புழுக்கை. மறுநாளே அம்மா வீட்டிலிருந்து விளக்குமாறும் வாளியும் தூக்கிக்கொண்டு வந்து கழுவினேன். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, தேய்த்துத் தேய்த்து, அந்த சிமெண்ட் மேடை பளபளவென்று வரும்வரை விடவில்லை. இங்கே ஸ்டவ், இங்கே அந்த வட்ட அடுப்பு, இங்கே அஞ்சறைப் பெட்டி என்று கையாலேயே வைத்துப் பார்த்தேன். தனியாக நின்று சிரித்தேன், அழுதேன். கல்யாணத்தன்றுகூட நான் அப்படிச் சந்தோஷப்படவில்லை. கீழே காத்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் மேலே வந்து, வாசலிலேயே நின்று பார்த்தார்.

"என்னங்க, எப்படி இருக்கு?" என்றேன்.

"தகரக் கூரை. வெயில் எறங்கும்" என்றார்.

"எறங்கட்டும். ஆவணி முடியுறதுக்குள்ள பால் காய்ச்சிருவோம். புரட்டாசில குடி போகக் கூடாது."

"ம்" என்றார். அந்த 'ம்'முக்கு நான் என்ன அர்த்தம் எடுத்துக்கொண்டேன், அவர் என்ன அர்த்தத்தில் சொன்னார்! ஆம்பிளைகள் 'ம்' சொன்னால் பொம்பிளைகள் சந்தேகப்பட வேண்டும். எனக்கு அப்போது இந்த விவரம் பத்தவில்லை.

ஆவணி முடியப் போகிற வாரம், ஒரு காலை. அடுப்படியில் இட்லிக்கு ஊற்றிக்கொண்டிருக்கிறேன், கூடத்திலிருந்து மாமியார் கூப்பிட்டார். போனால் என் துளசி டின் நடுக்கூடத்தில் இருந்தது. யாரோ தூக்கிவந்து வைத்திருக்கிறார்கள். மூத்தவர் நாற்காலியில். என் வீட்டுக்காரர் தூணோரம். ஓரகத்தி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏட்டி, இது என்ன செடி?" என்றார் மாமியார்.

"துளசி, அத்தை."

"இதையா கறில போட்ட?"

நான் வாயைத் திறப்பதற்குள் மூத்தவர் பாய்ந்தார். "கறில போட்டு, சுட்டு, வீட்டுப் பிள்ளையளுக்கும் குடுத்து, ஊருக்கும் வித்திருக்கா! பெருமாளுக்குப் போற இலைம்மா அது! வெளிய தெரிஞ்சா என் கடை வாசல்ல எவன் மிதிப்பான்? ஏலே, உனக்குத் தெரியுமா தெரியாதா?"

நான் அவரைப் பார்த்தேன். எனக்குப் பயமே இல்லை. அவர் சொல்வார், 'அங்கே எல்லாரும் தின்பார்கள், நானே தின்றிருக்கிறேன், அவள் மேல் குற்றமில்லை' என்று ஒரு வார்த்தை சொல்வார், எல்லாம் அடங்கிவிடும் என்றுதான் நின்றேன்.

"தெரியாதுண்ணே. நான் புதினான்னு நெனச்சேன்" என்றார்.

புதினாவாம்! வண்டிக்காரி முன்னால் தட்டோடு நின்ற வாய். எனக்கு ஊட்டிவிட்ட கை. புதினா என்று நினைத்தாராம். மாமியார் கத்தவில்லை. கத்தியிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பேன். "இந்த வீட்டுல இனி நான் பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். நான் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரச் சேலையோடு மாடத்தைச் சுற்றி, கீழே விழுந்து கும்பிட்ட பிறகுதான் அவர் எழுந்து வாய் நனைத்தார். டின் செடியை ஓரகத்தி பிடுங்கிக் கிணற்றடியில் ஊன்றினாள். வட்ட அடுப்பு பரணுக்குப் போயிற்று.

சொன்னவள் அவள்தான் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. வேறு யார்? கொல்லைப்பக்கம் வந்து போகிறவள் அவள். நான் போய்விட்டால் முட்டிவலியோடு அடுப்படியில் நிற்க வேண்டியவள் அவள். அன்றைக்கு அவளோடு பேச்சை நிறுத்தினேன். ஒரே அடுப்படியில், உப்பு எங்கே என்றுகூட நான் வாய்திறந்து கேட்டதில்லை.

அன்று சாயங்காலமே மூத்தவர் தம்பியை பாய் கடைக்கு அனுப்பிவிட்டார். போய் என்ன சொன்னாரோ, முந்தின நாள் தப்பித்தவறி மிச்சமிருந்த ஒன்றிரண்டை பாய் குப்பையில் கொட்டி, கண்ணாடிப் பெட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவினார் என்று கேள்விப்பட்டேன். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அம்மாவுக்கு உடம்புக்கு முடியவில்லை என்று பொய் சொல்லிவிட்டு மறுநாள் பஸ் ஏறினேன். பாய் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது.

"தங்கச்சி, நீங்க செஞ்சது சரியா தப்பா, எனக்குச் சொல்லத் தெரியல. ஆனா கடை போர்டுல யாரு பேரு போட்டிருக்குன்னு பாத்தீயள்ல? பெருமாள் துளசியக் கறில போட்டு விக்கிறான்னு பேச்சு கெளம்பிச்சுன்னா, நீங்க போட்டீயன்னு ஒருத்தனும் சொல்ல மாட்டான். நான் போட்டேன்னுதான் சொல்லுவான். பொறவு இந்த ஊருல நான் கடை நடத்த முடியுமா? இருக்கத்தான் முடியுமா?"

அதுவரை இது என் மண்டையில் ஏறவே இல்லை. அந்த மனுஷர் மேல் எனக்கு இன்றுவரை ஒரு பொட்டுக் கோபம் கிடையாது. காலம் அப்படி இருந்தது. அவர் பயந்ததில் நியாயம் இருந்தது.

திரும்பி நடந்தவளைக் கூப்பிட்டார். "புதினாவே போடுங்க தங்கச்சி. புரட்டாசி முழுக்க ஓயட்டும், பேச்சும் அடங்கட்டும். ஐப்பசில காய்கறி வச்சுச் சுட்டு ஆரம்பிப்போம். அந்த ரூமு உங்களுக்குத்தான். மாப்பிள்ளைய ஒரு தடவ வந்து வாரோம்னு ஒரு வார்த்த சொல்லச் சொல்லுங்க, போதும். ஆம்பள சொன்னாத்தான் உங்க வீட்டுலயும் எடுபடும்."

போன உயிர் திரும்பி வந்தது. வீட்டுக்கு வந்து, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அவரிடம் எல்லாம் சொன்னேன். கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "ஒரு வார்த்தங்க. போயி, வாரோம்னு மட்டும் சொல்லிட்டு வாங்க."

"அண்ணன்ட்டக் கேட்டுச் சொல்லுதேன்" என்றார்.

புரட்டாசி போயிற்று. "கேட்டீங்களா?" என்றால், "நேரம் பாத்துத்தான் கேக்கணும்" என்றார். ஐப்பசி மழை பிடித்தது. "செத்த பொறு" என்றார். தீபாவளி வேலை என்றார், கடையில் ஆளில்லை என்றார். கார்த்திகையில் அம்மாவைப் பார்க்கப் போனபோது பாய் கடையை நிமிர்ந்து பார்த்தேன். மாடி ஜன்னலில் ஜாக்கெட் துணிகள் தொங்கின. தையல்காரர் ஒருவருக்கு விட்டுவிட்டாராம். நான் கழுவிய அந்த சிமெண்ட் மேடையில் இஸ்திரிப் பெட்டி வைத்திருப்பார்கள். நான் கடைக்குள் போகாமல் எதிர்ச்சாரியிலேயே நடந்து போய்விட்டேன்.

பிறகும் அந்த வீட்டில்தான் காலம் ஓடியது. சமைத்தேன், ஆட்டினேன், அரைத்தேன். தொண்ணூறுகளின் கடைசியில் மாமியார் காலமானார். பதினாறாம் நாள் காரியத்துக்கு நானும் ஓரகத்தியும் அடுப்படியில் உட்கார்ந்து காய் நறுக்கினோம். வழக்கம்போல நான் வாயைத் திறக்கவில்லை. அவள்தான் அரிவாள்மனையை ஒதுக்கிவைத்தாள்.

"ஏட்டி, இன்னும் எம்புட்டு வருசம் மூஞ்சியத் தூக்கி வச்சிருப்ப? நாந்தான் சொன்னேன்னு நெனச்சிட்டிருக்க, இல்ல?"

"பின்ன வேற யாரு சொன்னா?"

"அந்த டின்னு துளசிய நீ பறிக்கிறத நான் ஆடியிலயே பாத்துட்டேன். பாத்துட்டுத்தான் நானும் ரெண்டு தின்னேன். நல்லாத்தானே இருந்துச்சு. நான் ஏன் சொல்லுதேன்? உன் வீட்டுக்காரவுகதான் அத்தைட்டப் போயி ஒக்காந்து சொன்னாக. 'அம்மா, அவ பின்னால டின்னுல துளசி வளத்து அதக் கறில போடுதா. நான் சொன்னா கேக்க மாட்டா. நீதான் நிறுத்தணும். நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராத'ன்னு. நான் அந்த நெலப்படிலதான் நின்னுட்டிருந்தேன். அத்தை என் தலைல அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டாவ. அவிய இருக்குமட்டும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு."

முதலில் நம்பவில்லை. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் விளங்கியது. தகரக் கூரை. 'ம்.' புதினா. அண்ணனிடம் கேட்டுச் சொல்கிறேன். அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பல வருஷத்துக்குப் பிறகு "அக்கா" என்று கூப்பிட்டேன்.

காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிப் போன பிறகு அவரிடம் நேராகக் கேட்டேன். "அத்தைட்டச் சொன்னது நீங்கதானா?"

மறுப்பார் என்று நினைத்தேன். மறுக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நீ பாட்டுக்குப் போயி அந்த ரூமக் கழுவிட்ட. பால் காய்ச்சணும்னுட்ட. எனக்குப் போக மனசில்ல. வரலன்னு சொன்னா நீ விடுவியா? எம்புட்டு வருசம் வெளிநாட்டுல ஒத்தையாக் கெடந்தேன். அம்மா பக்கத்துல, அம்மா கைச்சோறு தின்னுட்டு இருக்கணும்னுதான இருந்துச்சு. அதுல என்ன தப்பு?"

ஒத்தையாகக் கிடந்தாராம். நான் யார், பக்கத்து வீட்டுக்காரியா? கத்த வேண்டும் போலிருந்தது, கையில் கிடைத்ததை எடுத்து வீச வேண்டும் போலிருந்தது. ஒன்றும் செய்யவில்லை. இருட்டுகிற நேரம், மகளுக்குப் பசிக்கும். எழுந்துபோய் உலை வைத்தேன். பரிமாற இனி மாமியார் இல்லை என்பதால் முதன்முதலாக நானே கூடத்துக்கு வந்து அவருக்கு இலை போட்டேன். ரசத்தை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டவர், இரண்டாவது தடவை கேட்டு வாங்கிக்கொண்டார்.

"அம்மா வச்ச ரசம் மாதிரியே இருக்கு" என்றார். கண்ணும் கலங்கியிருந்தது.

நாங்கள் பாங்காக்கிலிருந்து வந்த மறுநாளிலிருந்து அந்த வீட்டில் ரசம் வைத்தது நான்தான்.